பத்து எண்ணிவிட்டு வெளியே வா

போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். திருச்சிப் பக்கம் ஒரு கட்டுமானத்தில் பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"சார், மேலேருந்து ஏதாவது விழுந்தா, ஒதுங்குன ஆள் நாற்பது எண்ணிட்டுத்தான் வெளிய வரணும்னு எங்க கையேட்டுல இருக்கு. நூத்தைம்பது மீட்டர்லேருந்து விழ அஞ்சரை செகண்டுதானே ஆகும்? எதுக்கு நாற்பது? வேலை கெடுதுன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. அதை எழுதினதே நீங்கதான்னு சொன்னாங்க."

நாற்பதை எழுதியது நான்தான். அதற்கு முன்னால் பத்து என்று எழுதியதும் நான்தான். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவருக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

எனக்கு ஊர் கடலாடிப் பக்கம். அய்யா மிளகாய் போட்டார், மழை பெய்த வருடம் நெல்லும் போட்டார். நான் டிப்ளமா முடித்துவிட்டு சிமினி கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். உயரமான புகைபோக்கிகளைத்தான் நாங்கள் சிமினி என்போம். பயிற்சிக் காலம் முழுக்க மேலே ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது. அதில் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரிசாவில் முதல் சைட்டில், எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு நட்டு மேலே இருந்து நழுவி, சமையல் கொட்டகையின் தகரக் கூரையைத் துளைத்து, அடுப்பில் இருந்த பருப்புச் சட்டியையும் துளைத்து, அடுப்புச் சாம்பலுக்குள் போய்ப் புதைந்தது. எல்லோரும் சமையல்காரர் பிழைத்ததைப் பேசினார்கள். எனக்கு அந்த நட்டு கீழே வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதே யோசனையாக இருந்தது. அன்றைக்குத்தான் என் கிறுக்கு ஆரம்பித்தது.

கணக்கு எளிது. எத்தனை நொடி என்பதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு ஐந்தால் பெருக்கினால், விழுந்த உயரம் மீட்டரில் வந்துவிடும். ஒரு நொடியில் ஐந்து மீட்டர். இரண்டு நொடியில் இருபது. மூன்றில் நாற்பத்தைந்து. ஊருக்குப் போனால் கிணறு கிணறாகக் கல்லைப் போட்டு எண்ணிக்கொண்டு நிற்பேன். "சோமு, கெணத்துக்குள்ள அப்படி என்னத்தைத்தான் தேடுற?" என்று அம்மா கேட்பாள். தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று நான் சொல்ல, கயிற்றை விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு.

பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆனதும் உயரத்துக்கு உயரம் விழும் நேரத்தைப் போட்டு ஒரு அட்டவணை செய்தேன். அதிலிருந்து ஒரு விதியும் வந்தது. மேலே இருப்பவன் கையிலிருந்து எது நழுவினாலும் உடனே கத்த வேண்டும். கீழே இருப்பவன் பக்கத்துக் கொட்டகைக்குள் ஓட வேண்டும். கனத்த பலகைகளால் கூரை போட்ட கொட்டகை அது. உள்ளே நின்று பத்து எண்ணிவிட்டு வெளியே வரலாம். ஐந்தரை நொடி ஆகிற இடத்தில் பத்து என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாராளம் என்று நினைத்தேன். 'பத்து எண்ணிவிட்டு வெளியே வா' என்று சிவப்புப் பெயின்டில் எழுதி ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் மாட்டினேன். பல வருடம், பல ஊர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசி சில வருடங்கள் என் சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைத்தது. ராமநாதபுரம் கடற்கரை ஓரம் ஒரு தொழிற்சாலைக்குச் சிமினி. இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கருவேலங்காடும் காய்ந்த கண்மாய்களும். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்திலிருந்து வரும் ஹெலிகாப்டர் சில நாள் எங்கள் கண் மட்டத்திலேயே போகும்.

உள்ளூர் ஆட்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். அதில் மலைச்சாமி, வில்லாயுதம் இருவரும் ஒரே ஊர், பங்காளிகள். மலைச்சாமி மூத்தவர், கீழே கம்பி கட்டுகிற வேலை. வில்லாயுதத்துக்கு உயரம் பயமில்லை, மேல் மேடையில் போல்ட் முடுக்குகிற வேலை. இருவருக்கும் வயல் வாய்க்கால் தகராறு இருந்தது. மலைச்சாமி வாய்க்காலை அடைத்துவிட்டார் என்று வில்லாயுதம் சைட் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டதும் உண்டு. "ஒருநாள் இல்ல ஒருநாள் பாத்துக்குறேன்" என்றாராம்.

ஒரு காலை, மணி பத்தரை இருக்கும். மேடை அப்போது நூற்றைம்பது மீட்டரில் இருந்தது. நான் ஆபீஸில் இருந்தேன். "கீழ பாத்து!" என்று மேலே இருந்து சத்தம். சற்றுப் பொறுத்து 'டங்'கென்று இரும்பு விழுந்த ஓசை. சரி, ஸ்பானர், வெறுந்தரையில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அலறல் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால் கொட்டகை வாசலுக்கு நாலடி தள்ளி மலைச்சாமி கிடக்கிறார். தோள்பட்டை எலும்பு உடைந்து கை தொங்குகிறது. பக்கத்தில் ஒரு அடிச் சதுரத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு. கான்கிரீட் ஊற்ற அடைப்புக்கு வைக்கிற பலகையில் வெட்டிய துண்டு. அவரைத் தூக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை.

ஸ்டோர் கீப்பர் தற்செயலாகச் சிமினியைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆட்கள் யாரும் படத்தில் இல்லை. ஆனால் சத்தம் பதிவாகியிருந்தது. கத்தல். ஏறக்குறைய ஐந்து நொடி கழித்து ஸ்பானர் விழுந்த ஓசை. அதற்கப்புறம் எட்டரை நொடி கழித்து அலறல்.

திட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "சோமு, நீதான் இந்தக் கணக்குல புலியாச்சே. சொல்லு. ஸ்பானரும் பலகையும் ஒண்ணா விழுந்துச்சா, தனித்தனியா விழுந்துச்சா?"

நான் யோசிக்கவே இல்லை. ஒரே உயரத்திலிருந்து எது விழுந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும். பள்ளிக்கூடத்தில் படித்தது. எட்டரை நொடி கழித்து வந்தது என்றால் எட்டரை நொடி கழித்துக் கிளம்பியிருக்கிறது. அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வில்லாயுதம் முதலில் ஸ்பானரைப் போட்டுக் கத்தியிருக்கிறார். மலைச்சாமி ஒதுங்கி, பத்து எண்ணி, வெளியே வரும் நேரம் பார்த்துப் பலகையை விட்டிருக்கிறார். என் விதி சைட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்தே குறி பார்த்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அன்று பிற்பகலே போலீஸ் வந்து வில்லாயுதத்தை அழைத்துப் போனது. போகும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், ஸ்பானர் கை நழுவுச்சு. ஒடனே கத்துனேன். அம்புட்டுத்தான். பலகை போனதை நான் பாக்கவே இல்ல."

மறுநாள் காலை அவர் மனைவி பேச்சியம்மாள் சைட் வாசலில் வந்து நின்றார். அழவில்லை. "சாரு, நீங்க எழுதிக் குடுத்த பேப்பரை வச்சுத்தான் கூட்டிட்டுப் போனாகன்னு சொல்றாக. வாய்க்காலுக்குச் சண்டை போட்டாருதான். இல்லங்கல. அதுக்காக அம்புட்டு ஒசரத்துல இருந்து குறி பாத்து ஆளைக் கொல்லுவாரா? நீங்க மேல ஏறி இருக்கீகள்ல, சொல்லுங்க. அங்கன இருந்து பாத்தா கீழ நிக்கிற ஆளு தெரியுமா?"

தெரியும், ஆனால் எறும்பு மாதிரித்தான் தெரியும். அதை அவரிடம் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து கலைவாணி மேடம் வந்தார். எங்கள் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் வேலை செய்கிற விதம் தனி. வந்ததும் யாரையும் விசாரிக்க மாட்டார். டீ சொல்லுவார். டீ வந்து எல்லோரும் குடித்து முடிக்கிற வரை வீட்டுக் கதை பேசுவார். பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு சம்பவம் நடந்த இடத்துக்குப் போய், "யார் எங்க நின்னீங்களோ அங்கயே போய் நில்லுங்க. வாயால சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க" என்பார். வாய் பொய் சொல்லும், கால் அவ்வளவாகச் சொல்லாது என்பது அவர் எண்ணம். யாராவது "அவன்தான் மேடம்" என்று ஆரம்பித்தால், "யாருன்னு அப்புறம் பார்ப்போம். எப்படின்னு சொல்லுங்க" என்று நிறுத்திவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

என் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"சோமு சார், கணக்கு நல்லா இருக்கு. இதுல காத்து எங்க இருக்கு?"

"காத்தா மேடம்?"

"விழுறதுக்கும் தரைக்கும் நடுவுல நூத்தைம்பது மீட்டர் காத்து இருக்குல்ல. அதை எங்க வச்சிருக்கீங்க?"

எங்கேயும் வைக்கவில்லை. என் அட்டவணை முழுவதும் காற்றே இல்லாத உலகத்துக்கு. நட்டு, போல்ட், கிணற்றில் போடுகிற கல் இதற்கெல்லாம் அது ஏறக்குறையச் சரியாக வரும். அதனால் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் காலியான சிமென்ட் சாக்கு மேடையிலிருந்து பறந்து, சுழன்று சுழன்று, ஒரு நிமிடம் கழித்துக் கருவேல மரத்தில் போய் மாட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண் பார்த்ததைக் கணக்கு கண்டுகொள்ளவே இல்லை.

மேடம் அந்தப் பலகையை வரவழைத்தார். மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை வாங்கி வரச் சொல்லி எடை போட்டார். எழுநூறு கிராம் சொச்சம். அப்போதுதான் பலகையின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளத்தைப் பார்த்தோம். தரையில் மோதியதால் வந்தது என்று நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். மேடம் கீழே விழுந்த ஸ்பானரைக் கொண்டுவரச் சொல்லி, அதன் தலையை அந்தப் பள்ளத்தில் வைத்தார். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. நழுவிய ஸ்பானர் மேடை ஓரத்தில் கிடந்த பலகையின் விளிம்பில் அடித்து, அதைத் தெறிக்கவிட்டிருக்கிறது. மேடை ஓரத்தில் விழுவதைப் பிடிக்கக் கட்டுகிற வலையை, அன்று அந்தப் பக்கம் மட்டும் சரிசெய்வதற்காகக் கழற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்க வழி இருந்தது.

"இருந்தா மட்டும் போதாது, நேரம் ஒத்து வரணும்" என்றார் மேடம். "போட்டுப் பார்த்துருவோம்."

மறுநாள் காலை காற்று குறைவாக இருக்கிற நேரத்தில் சைட்டைக் காலி செய்தோம். அதே பிளைவுட்டில் அதே அளவில் பத்துத் துண்டுகள் வெட்டி, நிறுத்து, எண் எழுதி, சுழல்வது தெரிவதற்காக ஒரு மூலையில் மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். மேலே இருப்பவர் துண்டை விடும் அதே கணம் மறு கையால் வெள்ளைத் துணியை வீச வேண்டும். சத்தம் கீழே வர அரை நொடி பிடிக்கும், வெளிச்சத்துக்கு அது கிடையாது. துணியைப் பார்த்து அழுத்த இரண்டு பேர் கையில் ஸ்டாப்வாட்ச். நான் கொட்டகைக்குள் நின்றேன்.

முதலில் ஒரு போல்ட். ஐந்தரை நொடிக்குக் கொஞ்சம் மேலே. என் அட்டவணை சொன்னதேதான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்தது முதல் பலகை. வெள்ளைத் துணி ஆடியது. பலகை விழுந்த மாதிரியே தெரியவில்லை. சிவப்பு மூலை மின்னி மின்னி மறைந்தது. ஒரு பக்கம் சறுக்கியது, புரண்டது, மறுபக்கம் சறுக்கியது. சிமினியிலிருந்து நாற்பது தப்படி தள்ளிப் போய்ப் பொத்தென்று விழுந்தது. பதினாலு நொடி. அடுத்தது பதிமூன்று. அடுத்தது ஓரமாகத் திரும்பி விறுவிறுவென்று வந்தும் பன்னிரண்டரை.

நாலாவது பலகைக்கு என்னை அறியாமல் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வந்தது. கால் தானாக ஒரு அடி வெளியே போனது. அண்ணாந்து பார்த்தேன். பலகை இன்னும் மேலேதான் இருந்தது. சாவகாசமாகப் புரண்டுகொண்டு வந்தது.

மலைச்சாமி ஏன் அந்த நொடியில் வெளியே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்லித்தான் வந்தார். வாசலில் சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறேனே.

மேடம் என்னைப் பார்த்தார். பென்சிலால் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, "அஞ்சாவது" என்று மேலே சைகை காட்டினார்.

பத்தும் முடிந்தது. பன்னிரண்டரையிலிருந்து பதினாறு வரை, பெரும்பாலும் பதினாலை ஒட்டி. ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்று விழவில்லை. குறி பார்ப்பது என்கிற பேச்சுக்கே இடமில்லை. நேரத்தை மேடம் ஆபீஸ் போர்டில் எழுதினார். கை நழுவியதிலிருந்து அலறல் வரை, கத்த எடுத்த நேரம், சத்தம் இறங்கிவந்த நேரம் எல்லாம் சேர்த்துப் பதினாலு நொடி சொச்சம். ஸ்பானரோடு கிளம்பிய பலகை எப்போது வர வேண்டுமோ அப்போதுதான் வந்திருக்கிறது. எட்டரை நொடி கழித்து வில்லாயுதம் போட்டிருந்தால் அது தரைக்கு வர இருபத்திரண்டு நொடிக்கு மேல் ஆகியிருக்கும்.

காரணமும் அவரே சொன்னார். விழ விழ வேகம் கூடும். வேகம் கூடக் கூடக் காற்று எதிர்த்துத் தள்ளுவதும் கூடும். ஒரு கட்டத்தில் காற்றின் தள்ளலும் பொருளின் எடையும் சமமாகிவிடும். அதற்கப்புறம் வேகம் கூடாது, அப்படியே இறங்க வேண்டியதுதான். கனமான சின்ன ஸ்பானருக்கு அந்தக் கட்டம் வருவதற்குள் தரை வந்துவிடும். அகலமான லேசான பலகைக்கு இரண்டு நொடியிலேயே வந்துவிடும். "காத்து இல்லைன்னா உங்க அறிக்கை சரி, சோமு சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

புது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் வில்லாயுதத்தின் மேல் தவறில்லை, என் முந்தைய கணக்கு தவறு. இரண்டாம் பக்கத்தில், மலைச்சாமி வெளியே வந்தது நான் எழுதிய விதிப்படி, அந்த விதி தவறு. மேலாளர் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் தனியே எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அவரை வெளிய கொண்டுவர முதல் பக்கம் போதுமே சோமு. இது எதுக்கு? பல வருஷமா எல்லா சைட்லயும் இருக்கிற விதி. நாளைக்கு யாராவது எல்லாத்தையும் கிளறுவாங்க. உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு."

நான் மேடத்தைப் பார்த்தேன். "உங்க கையெழுத்து. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

பெரிய தைரியசாலி மாதிரிச் சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றேன். பதவி உயர்வு வரவிருந்த வருடம் அது. மற்ற சைட்களில் என் போர்டுகள் தொங்கிக்கொண்டிருந்ததுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இந்தக் காலையில்கூட யாரோ ஒருவர் அதன் கீழே நின்று எண்ணிக்கொண்டிருப்பார். உள்ளே வந்து இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. எல்லா சைட்டிலும் பத்து அழிந்து நாற்பது வந்தது. பலகையைவிட லேசான, ஆனாலும் ஆளைக் காயப்படுத்தக்கூடிய பொருளும் மேலே இருக்கிறதே, அதனால்தான் நாற்பது.

வில்லாயுதம் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் நான் ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைச்சாமிக்குத் தோளில் கட்டு, ஒரு கை தூளியில், மறு கையில் ஊசி. என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"சார், நான் பத்து எண்ணுனேன். ஒண்ணு விடாம எண்ணுனேன். அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது அதுதான். விதியை மீறிவிட்டதாக நான் நினைத்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார்.

"நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க மலைச்சாமி. நான் சொன்ன பத்துதான் தப்பு" என்றேன். பலகை, காற்று, பதினாலு நொடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண் இமைக்காமல் கேட்டார்.

"காத்துன்னு ஒண்ணு இல்லாட்டி எம்புட்டு வேகத்துல வந்திருக்கும் சார்?"

"அஞ்சு மடங்கு வேகத்துல வந்திருக்கும்."

"ஆத்தாடி." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப வில்லாயுதம் போடலையா?"

"போடலை. அவருக்குப் பலகை போனதே தெரியாது."

"போலீஸு அடிச்சாகளா?"

"இல்லைன்னு சொன்னார்."

"அவனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க சார்" என்றார்.

போட்டேன். அவருக்கு இரண்டு கையும் ஆகாது என்பதால் நான்தான் அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பேசுவதும் எனக்குக் கேட்டது.

"ஏலே, நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை.

"அண்ணே" என்று கடைசியில் வந்தது. "வலிக்குதாண்ணே?"

"வலிக்குதுதான். நீ எங்கன இருக்க?"

"கம்மாக்கரையில நிக்கிறேன். ஊருக்குள்ள தலை காட்டல இன்னும். எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்குறாக."

"எவன் பாக்குறது? நான் சொன்னேன்னு சொல்லு. பேச்சியம்மா சாப்புட்டாளா?"

"சாப்புட்டா."

மறுபடி இருவரும் பேசவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மலைச்சாமி, மேகம் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். கிழக்கே லேசாகக் கட்டியிருக்கிறது என்றார் வில்லாயுதம். மிளகாய் பழுத்துவிட்டதா, ஆள் கிடைக்கிறதா, காளை மாட்டுக்குக் கால் சரியாகிவிட்டதா என்று போய்க்கொண்டே இருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை.

எனக்குக் கை கடுத்தது. போனை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.